தருமி வரவேண்டிய இடத்தில் பாட்டு வருகிறதா? டி.வி.டி. காட்சியைச் சரியான இடத்தில் தொடங்கும் வழிகள்



குறுந்தொகையின் இரண்டாம் பாடலை நடத்தும்போது தருமி, நக்கீரர் காட்சியைக் காட்ட நினைக்காத தமிழாசிரியர் நம்மில் குறைவு. ஏ.பி. நாகராஜன் இயக்கி 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் டி.வி.டி. பலருடைய வீட்டில் இன்னும் இருக்கிறது. முதல் நாள் இரவு உட்கார்ந்து பார்த்து, காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பாடக்குறிப்பில் எழுதி வைப்பீர்கள். மறுநாள் வகுப்பில் அதே நிமிடத்துக்குத் தாவினால் வேறு ஏதோ காட்சி ஓடும். நேரப்பட்டையைக் கொஞ்சம் இழுத்தால் இன்னும் தள்ளிப் போகும். பின்வரிசையில் ஒருவன், “சார், இது வேற படமா?” என்பான். பாடவேளையில் ஐந்து நிமிடம் போச்சு.

‘யூடியூப் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?’ என்று கேட்கலாம். இணையம் நன்றாக ஓடும் பள்ளிக்கு அது சரி. எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இலக்கிய வகுப்பு பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. பழைய தோட்டப் பகுதிகளுக்குத் திரும்பும் பிள்ளைகள் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போன வருடம் இருந்த காணொளி இந்த வருடம் காணாமல் போவதும் உண்டு. கையில் இருக்கும் தட்டு அப்படிப் போகாது. அதை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். கணினியில் டி.வி.டி. ஓடும்போது திரையின் கீழே தெரியும் நேரம் பல சமயங்களில் அளந்து சொன்ன நேரம் அல்ல, மென்பொருளின் ஊகம். இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஊகம் எங்கிருந்து வருகிறது? ஈப்போவில் பேருந்து ஏறி சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் ஆகிவிட்டது, ஆகவே பாதித் தூரம் வந்திருப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டால் சரியாக வருமா? ஈப்போ நகருக்குள் நெரிசலில் ஊர்ந்த பேருந்து செம்மோர் தாண்டியதும் வேகம் பிடித்திருக்கும். டி.வி.டி.யும் அப்படித்தான். அதில் படம் ஒரே சீரான அளவில் எழுதப்படுவதில்லை. ஆட்டமும் கூட்டமும் நிறைந்த பாடல் காட்சி நிறைய இடம் எடுக்கும். இருவர் அசையாமல் நின்று பேசும் காட்சிக்குக் கொஞ்ச இடம் போதும். மென்பொருளோ மொத்த அளவை மொத்த நேரத்தால் வகுத்துச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை வைத்துத் தாவுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். படம் 150 நிமிடம், தட்டில் 4,200 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். சராசரி நிமிடத்துக்கு 28 எம்.பி. நீங்கள் 60ஆம் நிமிடத்தைக் கேட்டால் மென்பொருள் 60ஐ 28ஆல் பெருக்கி 1,680ஆவது எம்.பி.க்குப் போகும். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் பாடல்கள் அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 34 எம்.பி. செலவாகியிருந்தால்? 1,680ஐ 34ஆல் வகுங்கள். நீங்கள் போய் நிற்பது 49ஆம் நிமிடம். திரையில் மட்டும் 60 என்று காட்டும்! பத்து நிமிடத்துக்கு மேல் பிசகு. எல்லாத் தட்டிலும் இவ்வளவு வராது. ஆனால் ஒன்றிரண்டு நிமிடம் பிசகுவதற்கு இந்தச் சராசரியே போதும்.

டி.வி.டி.யில் நேர அட்டவணை என்று ஒன்று தனிக் கோப்பில் எழுதி வைப்பது உண்டு. எல்லா மென்பொருளும் எல்லா வேளையிலும் அதைப் பார்ப்பதில்லை. குறிப்பாக, தட்டுக்குள் போய் வி.ஓ.பி. என்று முடியும் கோப்பை நேராகத் திறப்பவர்கள் கவனியுங்கள். அப்படித் திறந்தால் அட்டவணை, அத்தியாயம் எதுவும் மென்பொருளுக்குத் தெரியாது. அந்தக் கோப்புகள் 1 ஜி.பி.க்கு ஒன்றாகத் துண்டு போடப்பட்டவை. துண்டு முடிந்ததும் வசனத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். போதாததற்கு, தட்டின் உள்ளே ஓடும் கடிகாரம் சில இடங்களில் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். மென்பொருள் அங்கே குழம்பி, படத்தின் மொத்த நீளத்தையே தப்பாகக் காட்டும். ஆகவே தட்டை எப்போதும் ‘டிஸ்க்’ என்ற வழியாகவே திறங்கள், கோப்பாகத் திறக்க வேண்டாம்.

இன்னொரு சின்னப் பிசகும் உண்டு. காணொளியில் ஒவ்வொரு படமும் முழுசாகப் பதியப்படுவதில்லை. ஒரு முழுப்படம், அதற்குப் பின்னால் ‘முந்தியதிலிருந்து என்ன மாறியது’ என்ற குறிப்பு மட்டுமே உள்ள சில படங்கள், மறுபடி ஒரு முழுப்படம் என்று போகும். தாவும்போது முழுப்படத்தில்தான் போய் இறங்க முடியும். ஆனால் டி.வி.டி.யில் முழுப்படம் ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒன்று வந்துவிடும். அதனால் இந்தப் பிசகு ஒரு சொல் அளவுதான். பெரிய பிசகு எல்லாம் சராசரிக் கணக்கால் வருவது.

வேடிக்கை என்னவென்றால், பழைய வி.சி.டி. இந்த விஷயத்தில் டி.வி.டி.யை விட நல்ல பிள்ளை. 1993இல் வந்த அந்த முறையில் படம் முழுக்க ஒரே சீரான வேகத்தில் எழுதப்படுகிறது. பாட்டானாலும் பேச்சானாலும் ஒரே அளவு இடம். சராசரிக் கணக்கு அங்கே கிட்டத்தட்ட சரியாகவே வரும். படம்தான் மங்கல். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் என்பதால் ஒரு படம் இரண்டு மூன்று தட்டாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் நேரம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். வி.சி.டி.க்குக் குறிப்பு எழுதும்போது தட்டு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்து, நாம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பாடக்குறிப்பு பகிரும்போது வரும் சிக்கல். இதில் மென்பொருள் மேல் பழி போட முடியாது. ஈப்போவில் ஒருவர் எழுதிய ‘1:00:00இல் தொடங்கவும்’ என்ற குறிப்பு உங்கள் தட்டுக்குப் பொருந்தாமல் போக இன்னொரு காரணம் உண்டு. திரைப்படம் வினாடிக்கு 24 படம். மலேசியாவின் பழைய தொலைக்காட்சி முறையான பால் முறை வினாடிக்கு 25 படம். பால் தட்டு தயாரிக்கும்போது பெரும்பாலும் படத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தி 25ஆக ஓட்டிவிடுவார்கள். என்.டி.எஸ்.சி. முறைத் தட்டில் படம் ஏறக்குறைய அசல் வேகத்திலேயே ஓடும். நம் கைக்கு வந்த தமிழ்ப்படத் தட்டுகளில் இரண்டு முறையும் கலந்து கிடக்கின்றன. என்.டி.எஸ்.சி. தட்டில் 1 மணி நேரத்தில் வரும் காட்சி, வேகப்படுத்திய பால் தட்டில் 57 நிமிடம் 36 வினாடியில் வந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தில் ஆறு நிமிட வித்தியாசம்! இரண்டு ஆசிரியர்களும் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்.

உங்கள் தட்டு எது என்று பார்ப்பது எளிது. வி.எல்.சி.யில் படம் ஓடும்போது கண்ட்ரோல் பொத்தானோடு ‘ஜே’ எழுத்தை அழுத்துங்கள். படத்தின் அளவு 720க்கு 576 என்றால் பால். 720க்கு 480 என்றால் என்.டி.எஸ்.சி. அதிலிருந்து பாலுக்கு மாற்ற நேரத்தை 0.96ஆல் பெருக்குங்கள், எதிர்த்திசையில் என்றால் வகுங்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். நான் வி.எல்.சி.யை வைத்தே சொல்கிறேன். அது இலவசம், பெரும்பாலான பள்ளிக் கணினிகளில் ஓடும். பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

தலையாய உத்தி இதுதான்: படத்தின் தொடக்கத்திலிருந்து நிமிடம் எண்ணாதீர்கள், அத்தியாயத்திலிருந்து எண்ணுங்கள். டி.வி.டி.யில் ஒவ்வோர் அத்தியாயமும் தட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஊகத்துக்கு வேலை இல்லை. அத்தியாயம் 5க்குப் போ என்றால் நேற்றும் இன்றும், உங்கள் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அங்கிருந்து இரண்டு நிமிடம் முன்னால் போக வேண்டுமானால் சிறு தாவல்களாகப் போங்கள். சராசரிக் கணக்கின் பிசகு தூரத்தோடு வளர்வது. ஒரு மணி நேரம் தாவினால் பத்து நிமிடம் பிசகும் அதே தட்டில் ஒரு நிமிடம் தாவினால் சில வினாடிதான் பிசகும்.

வி.எல்.சி.யில் அத்தியாயப் பட்டியல் ‘பிளேபேக்’ பட்டியலுக்குள் இருக்கிறது. அம்புக்குறிப் பொத்தானோடு கண்ட்ரோல் சேர்த்தால் ஒரு நிமிடம், ஆல்ட் சேர்த்தால் 10 வினாடி, ஷிஃப்ட் சேர்த்தால் 3 வினாடி தாவும். கண்ட்ரோலில் தொடங்கி ஷிஃப்டில் முடியுங்கள். சுட்டியால் பட்டையை இழுப்பதை வகுப்பில் அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டரை மணி நேரப் படம் ஒரு சாண் பட்டையில் இருக்கிறது. விரல் மயிரிழை அசைந்தால் அரை நிமிடம் போய்விடும்.

தட்டு என்பது சுழலும் பொருள். ஒரு தாவலுக்கு அதற்கு இரண்டு மூன்று வினாடி வேண்டும். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளித் தட்டு இயக்கி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், அதை எழுப்ப இன்னும் நேரமாகும். ஒரு தடவை அழுத்திட்டு பொறுங்க. பொறுமை இல்லாமல் நாலு தடவை அழுத்தினால் நாலு தாவலும் வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறி, உங்களை எங்கோ கொண்டுபோய் விடும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் கணிப்பு.

எப்போதும் காட்சிக்கு 10 வினாடி முன்னாலேயே இறங்குங்கள். கொஞ்சம் முந்தி வந்துவிட்டால் ஓடவிட்டுக் காத்திருக்கலாம். தாண்டிப் போய்விட்டால் பின்னால் வருவது கடினம். ஒரு குறிப்பிட்ட முகபாவத்தில் நிறுத்த வேண்டுமானால், படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில ‘ஈ’ எழுத்துப் பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். அது முன்னோக்கி மட்டுமே.

சரி, குறிப்பை எப்படி எழுதுவது? நிமிடத்தோடு கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் அடையாளத்தையும் எழுத வேண்டும். தருமி காட்சிக்கு என் குறிப்பு இப்படி இருக்கும்: தட்டின் பெயரும் முறையும், அத்தியாய எண், அங்கிருந்து எத்தனை நிமிடம். அடையாளம்: தருமி கோயிலில் தனியே நின்று பரிசுக்காகப் புலம்பத் தொடங்குவது. நிறுத்தம் ஒன்று: இறைவன் புலவராக வந்து ஓலையைக் கொடுத்ததும். நிறுத்தம் இரண்டு: செண்பகப் பாண்டியன் அவையில் நக்கீரர் குற்றம் சொல்ல எழுந்ததும். வேறு நிறுவனத்தின் தட்டில் அத்தியாய எண் மாறலாம், நிமிடம் மாறலாம். தருமியின் புலம்பல் மாறாது. குறிப்பைப் பகிரும்போது இந்த அடையாளம்தான் இன்னோர் ஆசிரியருக்கு உண்மையில் பயன்படும்.

ஒத்திகையை வகுப்பில் பயன்படுத்தப்போகும் அதே கணினியில், அதே மென்பொருளில் பாருங்கள். வீட்டுத் தொலைக்காட்சியின் டி.வி.டி. பெட்டியில் பார்த்துக் குறித்த நேரம் கணினிக்கு உதவாது.

மாணவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி செய்ய, வி.எல்.சி.யின் ‘வியூ’ பட்டியலில் கூடுதல் கட்டுப்பாடுகளை இயக்குங்கள். ‘ஏ’, ‘பி’ என்று எழுதிய ஒரு பொத்தான் வரும். காட்சி தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் சுற்றிச் சுற்றி ஓடும். முதல் தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை கருத்தைக் குறியுங்கள், மூன்றாம் தடவை நக்கீரர் சொல்லும் குற்றம் சொல்லிலா பொருளிலா என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். செவிமடுத்தலுக்கும் கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இதைவிடச் சுவையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை, இதைத் தேர்வுக்கு முன் கட்டாயம் படியுங்கள். படத்தில் பார்த்ததைப் பாடநூல் கருத்தாக விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். குறுந்தொகையில் அது இறையனார் பெயரில் உள்ள ஓர் அகப்பாடல், தலைவன் தும்பியிடம் பேசுவது. தருமியும் பொற்கிழியும் அந்தப் பாட்டுக்குள் இல்லை. அந்தக் கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வருவது. நாகேஷ் பேசும் நகைச்சுவை படத்துக்காக எழுதப்பட்டது. 1964இல் வந்த ‘பூம்புகார்’ படமும் அப்படியே. கண்ணகி அரசவையில் பேசும் வசனம் கலைஞர் கருணாநிதி எழுதியது, இளங்கோவடிகளுடையது அல்ல. ஆசிரியர்களே, காட்சியைச் சரியான இடத்தில் நிறுத்த முடிந்தால்தான் ‘இதுவரை மூலம், இனிமேல் திரைக்கதை’ என்று வகுப்பில் பிரித்துக் காட்ட முடியும். தட்டில் இவ்வளவு மெனக்கெடுவதற்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் இதுதான்.

“காட்சியை வெட்டி விரலியில் வைத்துக்கொண்டால் என்ன?” என்ற கேள்வி வரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுவே முழுத் தீர்வு. எம்.கே.வி., எம்.பி.4 போன்ற கோப்புகளுக்குள் எந்த வினாடி எங்கே இருக்கிறது என்ற பட்டியல், புத்தகத்தின் பொருளடக்கம் போல, சேர்ந்தே இருக்கும். ஊகம் தேவைப்படாது, தாவல் துல்லியமாக வரும். ஆனால் கடையில் விற்ற படத்தட்டுகளில் பெரும்பாலும் பூட்டு உண்டு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. பூட்டை உடைப்பதற்குத் தனியாகத் தடையும் வைத்திருக்கிறது. ஆகவே கடைத் தட்டுக்கு அத்தியாயமும் அடையாளமும் போதும் என்பதே என் கருத்து. வாங்கிய தட்டை வகுப்பறையில் ஓட்டிக் காட்டுங்கள், காட்சியைப் புலனக் குழுவில் போட்டுப் பரப்ப வேண்டாம்.

வீட்டில் எடுத்த தட்டுகள் கதையே வேறு. எங்கள் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. லயத்து வீடுகள் இருந்த இடம் தெரியாது. ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழா, மூடப்பட்ட பள்ளியின் கடைசி விளையாட்டுப் போட்டி, பால்மரம் சீவிய பாட்டி ஒருவரின் பேச்சு என்று பல வீடுகளில் எழுதப்பட்ட தட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன. மாணவர்களை வட்டார வரலாறு எழுதச் சொன்னால் இவைதான் மூலம். பாட்டி சொன்ன ஒரு சொல்லை மேற்கோள் காட்ட வேண்டுமானால் அந்த இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பிப் போக முடிய வேண்டும். இத்தகைய தட்டுகளில் அத்தியாயம் இருக்காது, அல்லது ரெக்கார்டர் பெட்டி தானாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போட்டிருக்கும்.

இவற்றுக்குப் பூட்டு இல்லை, உரிமை அந்தக் குடும்பத்துடையது. அனுமதி கேட்டு முழுத் தட்டையும் எம்.கே.வி. கோப்பாக மாற்றிவிடுங்கள். மேக் எம்.கே.வி. என்ற மென்பொருள் படத்தின் தரத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து வைக்கும், நேரத்தையும் தொடர்ச்சியாக அடுக்கிவிடும். ஹேண்ட்பிரேக் படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதும், கோப்பு சிறிதாகும், தரம் கொஞ்சம் குறையும். சேமித்து வைக்க முதலாவது, மாணவர்களுக்குக் கொடுக்க இரண்டாவது. மாற்றிய பிறகு குறிக்கும் நிமிடமும் வினாடியும் எந்தக் கணினியிலும் மாறாது. மேற்கோள் எண்ணை அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், தட்டிலிருந்து அல்ல.

இதை ஒத்திப்போட வேண்டாம். வீட்டில் எழுதும் தட்டில் படம் சாயப் படலத்தில் பதிகிறது, அது வெயிலிலும் புழுக்கத்திலும் மங்கும். தட்டைப் போட்டதும் கணினி ‘காலித் தட்டு’ என்று சொன்னால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரெக்கார்டர் பெட்டியில் எழுதிவிட்டு, முடித்துவைக்கும் கடைசிக் கட்டளையைக் கொடுக்காமல் விட்ட தட்டாக இருக்கலாம். அதை எழுதிய அதே பெட்டி அந்த வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதில் போட்டு ‘ஃபைனலைஸ்’ கொடுத்தால் கணினிக்கும் தெரிய வரும்.